ஏரி உறையும் வரை

போன கிழமை எங்கள் ஸ்டாஃப் ரூமில் என்மேல் ஒரு விசாரணை நடந்தது.

"வெள்ளிக்கிழமை மட்டும் பெல் அடிச்ச கையோட ஓடுறீங்களே டீச்சர்... எங்க போறீங்க?" என்று கேட்டார் பரீனா டீச்சர். காத்தான்குடியில் இருந்து வருகிறவர். கணிதம் படிப்பிக்கிறவர். விடை வராமல் விடமாட்டார்.

"விறகு வெட்டணும்," என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். சோக்கட்டி பிடிக்கிற கை. வீட்டில் கேஸ் அடுப்பு என்பதும் அவருக்குத் தெரியும்.

"வெட்டிப்போட்டு, நேரம் இருந்தா ஒரு மானும் அடிக்கணும்."

பரீனா டீச்சர் கடித்த ரோல்ஸை அப்படியே கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அந்தப் பார்வை சொன்னது.

ஆகித்தான் இருக்கிறது. வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என் பல்வலி முதல் பக்கத்து வீட்டுச் சேவல் வரை எல்லாவற்றையும் உங்களுக்கு எழுதியாயிற்று. இதை மட்டும் எழுதவில்லை. இந்த வயதில் நான் கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிறேன்.

சுடுகிற கேம் இல்லை. ஓட்டப் பந்தயமும் இல்லை. ஒரு பெரிய உலகம் – காடு, மலை, ஏரி. ஒரு கரையில் கண் விழிக்கிறீர்கள். கையில் ஒன்றுமில்லை. கல் பொறுக்கி, மரம் வெட்டி, நெருப்பு மூட்டி, பசியிலும் குளிரிலும் சாகாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். பிறகு என்ன செய்வது? யாரும் சொல்ல மாட்டார்கள். எந்தப் பக்கமும் போகலாம், எதையும் கட்டலாம். வாழ்நாள் முழுக்கப் பெல் சத்தத்துக்கு எழும்பி இருந்த ஒருத்திக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டது என் தம்பி சுதன். கத்தாரில் ஏசி திருத்துகிற வேலை. அப்பா இறந்த பிறகு எங்கள் பேச்சு சுருங்கிப் போயிருந்தது. "சாப்பிட்டியா?" "ஓம்." "வெயிலா?" "ஓம் அக்கா." "சரி, வைக்கிறன்." இவ்வளவுதான். அப்பாவின் கடைசிக்கு அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான். அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட்காத கேள்வி ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தால் மற்றப் பேச்சுக்கு எங்கே இடம்?

அப்போதுதான் ஒருநாள் சொன்னான். "அக்கா, ஒரு கேம் இருக்கு. ரெண்டு பேர் சேர்ந்து விளையாடலாம். வாறீங்களா?"

கேமுக்காக ஓம் என்று சொல்லவில்லை. அவன் குரலைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாமே என்றுதான் சொன்னேன்.

அங்கே பேச எப்போதும் ஏதாவது இருந்தது. "அக்கா, அந்தக் கல்லை எடுங்க." "நெருப்பு நூரப் போகுது, விறகு போடுங்க." "மழை வருது, உள்ளுக்கு வாங்க." ஏரிக்கரையில் இரண்டு பேருமாக ஒரு மரக்குடிசை கட்டினோம். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு நாள். எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்த பின்னேரம். கல்லடியில் என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எங்கள் மட்டக்களப்பு வாவி தெரியும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, இல்லாத ஒரு ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் லாப்டாப் சின்னது. கேமைத் தொடங்கினால் அதன் விசிறி அரிசி மில் மாதிரி இரையும். ஆகக் குறைந்த தரத்தில்தான் ஓடும். தூரத்து மலைகள் நனைந்த தாளில் நீலம் தடவியது போல இருக்கும். விடியும்போது ஏரியில் இருந்து மூடுபனி எழும்பி மரங்களின் இடுப்பு வரைக்கும் நிற்கும். நல்ல கம்ப்யூட்டரில் இலை இலையாகத் தெரியுமாம். எனக்கு வேண்டாம். பாதித் தூக்கத்தில் பார்க்கிற மாதிரி இருப்பதில்தான் அதன் அழகே.

குறை இல்லையா? அதை எங்கே தொடங்க?

பசியில் தொடங்குவோம். ஒரு முழு மானைத் தின்றுவிட்டு நாலு மரம் வெட்டினால் திரும்பவும் பசிக்கும். வீட்டுச் சுவர் காரணமில்லாமல் விழும். ஒருநாள் ஒரு கரடி ஆகாயத்தில் நின்றது. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அது கரடிக்குத் தெரிந்திருக்கவில்லை போல... நிம்மதியாக நின்றது. இன்னொரு நாள் தூரத்தில் தெரிந்த ஒரு கோட்டையை நோக்கிப் பின்னேரம் முழுக்க நடந்தோம். கதவைத் திறந்தால் உள்ளே வெறும் புல். "இன்னும் கட்டல்ல போல அக்கா," என்றான் சுதன்.

பெரிய ஆசையோடு தொடங்கி, அரைவாசியில் விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள். மிச்சம் அப்டேட்டில் வருமாம். எல்லாம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எதையும் முடிக்காதவர்கள் மனிதர்களிலும் உண்டு. அவர்களோடு கதைத்துக்கொண்டிருப்பது சுகம். வேலையைக் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தக் கேமில் இன்னொரு சட்டம் இருக்கிறது. உங்கள் கட்டிலில் போய்ப் படுத்தால்தான் செய்தது எல்லாம் சேமிப்பாகும். படுக்காமல் வெளியேறினால், கடைசியாகப் படுத்த பிறகு செய்தது அத்தனையும் போய்விடும்.

இது தெரிந்தால்தான் அந்த வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்கு விளங்கும்.

அன்றைக்கு ஏரியின் அக்கரைக்குப் போயிருந்தோம். அங்கேதான் இரும்புக்கல் கிடைக்கும். படகு நிறைய ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஏரியின் நடுவில் படகு நின்றது. பாறை இல்லை, மணல் இல்லை. சும்மா நின்றது. துடுப்புப் போட்டால் தண்ணீர் அலைந்ததே தவிரப் படகு அசையவில்லை.

"பக் அக்கா," என்றான் சுதன். "கேமில உள்ள பிழை. எல்லாருக்கும் நடக்குதாம்."

"இறங்கி நீந்துவமா?"

"ஏலாது. தண்ணி குளிர். கரைக்குப் போக முதல் செத்திருவம்."

"அப்ப என்ன செய்யிற?"

அவன் கொஞ்சம் யோசித்தான். அந்த உலகத்தில் இலையுதிர்காலம் முடிகிற நேரம். அங்கே நாட்கள் வேகமாக ஓடும். "பனிக்காலம் வந்தா ஏரி உறைஞ்சிரும்," என்றான். "நடந்தே போயிரலாம். அது வரைக்கும் இரிப்பம்."

இருந்தோம்.

யாருக்கும் விறகு வெட்ட வழியில்லை. கல் எடுக்க வழியில்லை. திரையில் நாங்களாக நடமாடுகிற இரண்டு பொம்மைகளும் படகின் இரண்டு முனைகளில். மேலே சூரியன் வேகமாகப் போய் வந்தது. கரையில் மரங்கள் மஞ்சளாகி, சிவப்பாகி, உதிர்ந்தன. ஹெட்செட்டில் அவனுடைய அறை ஏசியின் சத்தம். யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"அக்கா."

"ம்."

"அப்பா கடைசியில என்னைக் கேட்டவரா?"

திரையில் அவன் பொம்மை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். நினைவே இல்லாமல் கிடந்தார், ஒன்றும் தெரியாமல் போனார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை காலம் கழித்து ஒருவன் வாயைத் திறந்து கேட்கிறான். அவனுக்குப் பொய்யைக் கொடுப்பதா?

"கேட்டவர்," என்றேன். "வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டா, சுதனா எண்டு கேட்பார்."

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது.

"எனக்கு லீவு தந்தவங்க அக்கா."

எனக்கு விளங்கவில்லை. "எப்ப?"

"அப்பா விழுந்திட்டார் எண்டு நீங்க போன் எடுத்துச் சொன்ன அண்டைக்கே. டிக்கட்டும் போட்டுத் தந்தவங்க. எயார்போட்டுக்குப் போனன். உள்ள போய் இருந்தன். என்ட பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க... நான் எழும்பல்ல."

"ஏன்டா?"

"வீடியோவில அப்பாட முகத்தைக் காட்டினீங்க. வாய் ஒரு பக்கம் இழுத்து, எச்சில் வடிஞ்சு... அது அப்பா இல்ல போல இருந்திச்சு. நேர பார்க்க எனக்குப் பயமா இருந்திச்சு அக்கா. கொஞ்சம் சுகமானாப் பிறகு போவம் எண்டு திரும்பி ரூமுக்கு வந்திட்டன். பிறகு..."

பிறகு என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். நான்தானே அப்பாவின் பக்கத்தில் இருந்தேன்.

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனேன்.

கொடியில் உடுப்புகள் காய்ந்து விறைத்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தேன். வாவியில் வெயில் சரிந்து, தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். தோணியில் நின்று ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். வலை விரிந்து, கொஞ்சம் தொங்கி, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போயிற்று. எனக்குக் கோபம் வந்தது. நல்லாகவே வந்தது. லீவு தரவில்லை என்று, கண்ணாலும் காணாத ஒரு மேனேஜரை இத்தனை காலமும் திட்டியிருக்கிறேன். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பாவம், அந்த மனுசன் அன்றைக்கே டிக்கட் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

உடுப்பை மடித்துக்கொண்டு நின்றபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அப்பா பாரிசவாதத்தில் விழுந்த புதிதில், கஞ்சி பருக்கும்போது நானும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. காதைப் பார்த்துப் பருக்குவேன். பிறகு பழகிவிட்டது. அந்த முகமும் அப்பாவின் முகம்தான் என்று ஆயிற்று. பக்கத்தில் இருந்ததால் எனக்குப் பழக நாள் கிடைத்தது. சுதனுக்குக் கிடைக்கவில்லை.

அதனால் அவன் செய்தது சரி என்று ஆகுமா? ஆகாது. ஆனால் அவன் செய்தது எனக்குத் தெரியாத ஒரு செயலும் இல்லை.

திரும்பி வந்து ஹெட்செட்டைப் போட்டேன். திரையில் இரவு. நான் இல்லாத நேரத்தில் பனிக்காலம் தொடங்கியிருந்தது. என் பொம்மை போட்டது போட்டபடி இருந்தது. அதைச் சுற்றிப் படகு முழுக்கத் தீப்பந்தங்கள் எரிந்துகொண்டிருந்தன.

"இதென்னடா?"

"வந்திட்டீங்களா?" என்றான் அவன். "நீங்க போயிட்டீங்க எண்டு நினைச்சன். உங்கட ஆள் குளிர்ல விறைச்சுச் சாகப் பார்த்திச்சு. என்னட்ட இருந்த பந்தம் எல்லாம் கொளுத்தி வச்சன்."

"உடுப்பு எடுக்கப் போனன்."

"ம்."

"பயமா இருந்தா, பயமா இருக்கு எண்டு சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுற அக்கா?"

அந்த நேரம் பனி பெய்யத் தொடங்கியது.

உங்களைப் போலத்தான் நானும். பனி பெய்து பார்த்தவள் இல்லை. மட்டக்களப்பில் எங்கே பார்க்க? அவன் இருக்கிற ஊரிலும் பார்க்க வழியில்லை. பஞ்சு மாதிரி விழுந்து, தீப்பந்த வெளிச்சத்தில் ஒரு கணம் பொன்னாகி, கறுப்புத் தண்ணீரில் மறைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மறைவது நின்றது. தண்ணீர்மேல் வெள்ளை தங்கியது. கரைப்பக்கம் இருந்து ஒரு பனிக்கட்டித் தட்டு மெல்ல வளர்ந்து படகைத் தொட்டது.

"இறங்குவமா?" என்றேன்.

"பார்த்து நடங்க. சில இடம் மெல்லிசா இருக்கும். என்ட காலடியில மிதிச்சு வாங்க."

அவன் முன்னால் போனான். இரும்புக்கல்லின் பாரத்தில் இருவருக்கும் வேகமில்லை. ஏரி நெடுகப் பின்னால் இரண்டு வரி காலடி. அவன் அழுதுகொண்டே நடந்தான் – பொம்மை இல்லை, அவன். நான் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தேன். அவனுடைய அழுகையை நிறுத்த ஒன்றும் செய்யவில்லை. இங்கே நாங்கள் எல்லாரும் அழுது முடித்த அழுகை அது. அவனுடையது மட்டும் மிச்சம் இருந்தது.

குடிசைக்கு வந்து அவரவர் கட்டிலில் படுத்தோம். எல்லாம் சேமிப்பாயிற்று.

"ஆடி அமாவாசைக்கு வா," என்றேன். "அப்பாவுக்குச் செய்ய வேண்டியதை வந்து செய்."

"வாறன்," என்றான்.

வந்தான். எயார்போட்டில் இருந்து வந்து இறங்கியவன் முதல்நாள் முழுக்க அப்பாவின் அறைப் பக்கம் போகவில்லை. அடுத்த நாள் காலையில் பார்த்தால், அந்தக் கட்டிலில் குறுக்காகக் கிடந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பாமல் விட்டேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். எனக்கு அந்தச் சொல்லில் பெரிய பழக்கம் இல்லை. அவனுக்குப் பிடித்த இறால் சொதி வைத்தேன். சாப்பிடும்போது, "ஆட்டோ சத்தம் கேட்டாக் கேட்பாரோ?" என்று திரும்பவும் கேட்டான். ஓம் என்று திரும்பவும் சொன்னேன். இந்தமுறை தட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

அமாவாசை அன்று விரதத்தோடு அமிர்தகழிக் கோயிலுக்குப் போனோம். மாமாங்கத் தீர்த்தம் என்றால் சனத்தைச் சொல்லவா வேண்டும்? தகப்பனை இழந்தவர்கள் எங்கெங்கோ இருந்து வந்து குளத்தில் முழுகுகிற நாள். சுதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினான். நான் கரையில் அவன் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூழ்கினான். எழுந்தான். தண்ணீர் வழிய வழிய, கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தான். நரைத்தவர்கள், வாலிபர்கள், அரசாங்க உத்தியோகத்தர்கள், தோணிக்காரர்கள்... எல்லோரும் நெஞ்சளவு தண்ணீரில்.

படியருகே வந்து கேட்டான்.

"இவ்வளவு பேருக்கும் அப்பா இல்லையா அக்கா?"

"ஓம்," என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லு. பின்னுக்கு ஆக்கள் இறங்கணும்."