செங்கல்தூள் போட்ட ட்ரம்பெட்

பள்ளிப்பட்டு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் எனக்கு எட்டு வயது. எங்கள் கார்வேட்டிநகரம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. நைனா அந்த ஊர்ப் பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தார். எல்லை பிரித்த பிறகு அந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு இனி யார் கூப்பிடப்போகிறார்கள் என்று செட்டுக்காரர்கள் கவலையில் இருந்தபோது, பள்ளிப்பட்டு மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் வந்து வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போனார். எல்லைக்கோடு என்றால் சாலையில் சுண்ணாம்பால் போட்டிருக்கும், நைனா ஊதியபடியே அதைத் தாண்டுவார் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நேரத்தில் ட்ரம்பெட் மங்கலாக இருந்தால் நம் பக்கத்துக்குத்தானே அவமானம்.

கிளம்பும் நாள் காலையில் நைனா ஆட்களைக் கூட்டிவரப் போயிருந்தார். அம்மா கிணற்றடியில் இருந்தாள். நான் ட்ரம்பெட்டைப் பின்கட்டுக்கு எடுத்துப்போய், சொம்பு துலக்குவதுபோலப் புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்தேன். என் முகம் தெரிந்தது, கொஞ்சம் அகலமாக. விரலால் அமுக்கும் மூன்று கட்டைகளையும் திருகிக் கழற்றித் தேய்த்துச் செருகினேன். அமுக்கிப் பார்த்தால் ஒன்று பாதியிலேயே நின்றுவிட்டது. ஊதினால் காற்றே போகவில்லை.

குடத்தோடு வந்த அம்மா என்னையும் செங்கல்தூளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அழுதுகினு நிக்காத. வெதுவெதுன்னு தண்ணி எடுத்தா."

மூன்று கட்டைகளையும் உருவி, துணி சுற்றிய குச்சியைக் குழாய்க்குள் விட்டு, செங்கல் நிறம் போகும்வரை கழுவினாள். அவளுடைய அப்பாவும் பேண்டுக்காரர்தான்.

"ஒவ்வொண்ணுலயும் நெம்பர் போட்டிருக்குது பாரு. மூணாம் நெம்பரத் தூக்கி ஒண்ணாம் நெம்பர்ல சொருகிட்டியே, எப்படிடி காத்து போவும்?"

தையல் மிஷின் எண்ணெயில் ஒவ்வொரு சொட்டு விட்டு, முறைப்படி பூட்டினாள். அமுக்கினால் மூன்றும் துள்ளி எழுந்தன. பிறகு சுவரோரமாகத் திரும்பி நின்று வாயில் வைத்து ஊதினாள்.

மாப்பிள்ளை அழைப்புக்கு நைனா வாசிக்கும் அதே மெட்டு. ஆனால் கடைசியில் நைனா நிறுத்தும் இடத்தில் அவள் நிறுத்தவில்லை. அங்கிருந்து மேலே போய், சுற்றி, நிதானமாக இறங்கினாள்.

"சரியாப் போச்சு" என்று உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வாசலில் நைனாவைப் பார்த்தேன். பின்னால் நின்ற ஆட்களைப் பேசவேண்டாமென்று ஒரு கையால் தடுத்தபடி நின்றிருந்தார்.

"ஏன் நைனா அங்கியே நின்னுகினு இருக்கிற?"

"கால்ல மண்ணு" என்றார். நான் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன்.

பள்ளிப்பட்டுக் கல்யாணம் நன்றாக நடந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அடுத்தடுத்து அழைப்பும் வந்தது. அன்றுமுதல் ட்ரம்பெட்டைத் துடைக்கும் பொறுப்பு அம்மாவுடையது. துடைத்து முடித்ததும், "ஊதிப் பாரு" என்பார் நைனா. அவள் ஊதி முடிக்கும்வரை யார் கூப்பிட்டாலும் எழுந்து போகமாட்டார். ஒரு ட்ரம்பெட் சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவ்வளவு நேரம் ஊதிப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.