சட்டைப்புழுவும் கெண்டையும்

பசியில் அழும் பச்சைக்குழந்தையின் குரல் முதலில் வீறிடும், பிறகு கம்மிப்போகும், கடைசியில் வாய் மட்டும் திறந்து திறந்து மூடும். பிறந்து சில நாளே ஆன என் தம்பியிடம்தான் அதைப் பார்த்தேன். மழை பொய்த்து, சோளம் கருகி, பெரம்பலூருக்கு மேற்கே எங்கள் ஊரில் கஞ்சியே அரிதாகியிருந்த கோடை. அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. "ஆத்துமீன் கொழம்பு வச்சிக் குடுங்க, பால் ஊறும்" என்று நர்சம்மா சொன்னதும், மருதையாற்றில் எஞ்சியிருந்த ஒரே மடுவுக்கு அப்பா தூண்டிலோடு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

கெண்டைகள் கண்ணெதிரே புரண்டன, மண்புழுவைத் தொடவில்லை. "சீண்டக்கூட மாட்டேங்குதேடி" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் தப்பித்தவறி மாட்டிய குஞ்சுமீனை அவர் நகத்தால் கீறியபோது, வயிற்றில் மணலும் சிறகுத் துணுக்குகளும் இருந்தன. பித்துப்பிடித்தவர்போல நீருக்கடியில் கற்களைப் புரட்டினார். அவற்றின் அடியில் மணலை ஒட்டித் தைத்தாற்போலச் சிறு குழல்கள், உள்ளே புழு. நாங்கள் "சட்டைப்புழு" என்போம். சில குழல்களின் வாய் அடைத்திருந்தது. பிய்த்தால் சிறகு மடித்த பூச்சி. பொழுது சாய்ந்ததும் அவை குழலைவிட்டு மேலே நீந்திவர, மீன்கள் பாதி வழியிலேயே விழுங்கின.

அந்தப் புழுவைக் கோத்தால் தூண்டில் முள்ளில் நிற்காமல் பிய்ந்தது. கரையில் கிடந்த பழுப்புக் கோழியிறகை முள்ளோடு வைத்து, என் ரிப்பனில் உருவிய நூலால் அப்பா கட்டினார். அடிவரை அமிழவிட்டு, பூச்சி எழுவதுபோல மெல்ல மேலே இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடியும் ஒன்றுமில்லை. வெளிச்சம் மங்கும்போது தூண்டில் நரம்பு விறைத்தது.

"கெட்டியா அமுக்கிக்க புள்ள, உட்டுறாத!"

துள்ளிய கெண்டையை நெஞ்சோடு அணைத்தபடி வீடுவரை நடந்தேன்.

அம்மா முள்ளைக்கூடத் துப்பாமல் தின்றாள். அதன்பின் அந்திதோறும் மடுவில்தான் கிடந்தோம். ஒரு விடியலில் அவள் கத்தினாள்: "ஏங்க, இங்க வாங்க... புள்ள பாலு முழுங்குறான்!" அப்பா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தம்பி இப்போது பாடாலூரில் டயர் கடை வைத்திருக்கிறான். மீன் வாடையே அவனுக்கு ஆகாது. அப்பாவின் காரியத்துக்குப் போனபோது ஆற்றில் இறங்கினேன். மடு இருந்த இடத்தில் மணல் அள்ளிய பள்ளமும் கருவேலமும்தான். தேங்கிய நீரில் ஒவ்வொரு கல்லாகப் புரட்டினேன். எல்லாம் வெறுங்கல்.

"என்னக்கா தேடுற? வெயிலு கொளுத்துது, வா" என்றான் தம்பி, மேட்டிலிருந்து.