கோழிக்கறி இல்லாமல் எடுத்த பைலட்

1. சிரிக்கத் தெரிந்த ரைப்பிஸ்ட்

மெல்பேர்னில் எனக்குக் கிடைத்த முதல் வேலைக்கான நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "உமக்குச் சிரிக்க வருமோ?"

கேட்டவர் வெர்னா. அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண். தொலைக்காட்சிக்கு நகைச்சுவை எழுதுபவர், தயாரிப்பாளரும்கூட. அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் ஞாபகத்தில் யாழ்ப்பாணத் தமிழில்தான் கிடக்கிறது. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம், கலர் ரீவி இன்னும் வரவில்லை. கணவரின் வேலைக்காக வந்து ஸ்பிரிங்வேல் புறநகரில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நான், பத்திரிகையில் ரைப்பிஸ்ட் தேவை என்ற விளம்பரம் கண்டு, சேலை உடுத்திக்கொண்டு அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். என் சுருக்கெழுத்துச் சான்றிதழை நீட்டினேன். வெர்னா அதைக் கையால் தொடவேயில்லை.

"ரைப் அடிக்கிற ஆக்கள் இஞ்ச நிறைய இருக்கினம். அடிக்கேக்க சிரிக்கிற ஆள்தான் எனக்கு வேணும்."

அவருடைய தொழில்முறை அப்படி. அவர் கையால் எழுதிய ஸ்கிரிப்டை நான் ரைப் அடிப்பேன். அவர் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தால் ரைப்ரைட்டர் நிற்கும். நின்றால் அந்தப் பக்கம் பாஸ். நிற்காமல் ஓடினால் வந்து பக்கத்தை உருவி, கசக்கிக் கூடைக்குள் போட்டுவிடுவார். வேலையை நிறுத்தியதற்காகப் பாராட்டு வாங்கிய ரைப்பிஸ்ட் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

நிலையம் அவரை நேரில் காணாமல், கடிதத்திலேயே வேலைக்கு எடுத்திருந்தது. விமான நிலையத்துக்குப் பெயர் மட்டையோடு வந்த டிரைவர், ஒரு வெள்ளைக்காரியைத் தேடிக்கொண்டு, அவரைத் தாண்டித் தாண்டி நடந்தாராம்.

"நானும் அவருக்குப் பின்னால நடந்தனான், பத்மா. ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னைத் தேடினனாங்கள்!"

சொல்லிவிட்டு மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பே வராது. அமெரிக்காவில் வருடக்கணக்காக எழுதியிருந்தும், நிகழ்ச்சி முடிவில் ஓடும் பெயர்களில் அவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. எழுதியது அவர், பெயர் வேறு யாருடையதோ. இப்போது மெல்பேர்னில் ஒரு பைலட், அதாவது தொடர் எடுக்கலாமா என்று பார்ப்பதற்கான முதல் எபிசோட், எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அது நிலைய மனேஜருக்குப் பிடித்தால் "எழுத்து, தயாரிப்பு: வெர்னா" என்று திரையில் வரும். பிடிக்காவிட்டால் விமான டிக்கெட். திரும்பிப் போய் மறுபடியும் பெயரில்லாமல் எழுதவேண்டியதுதான்.

2. கெவினின் மண்ணெண்ணெய்

பைலட்டின் கதை மெல்பேர்னின் ஃபிட்ஸ்ரோய்ப் பகுதியில் இருக்கும் ஒரு கிரேக்கக் குடும்பத்தைப் பற்றியது. பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியக்காரர் சத்தம் கூடிப்போச்சு என்று சண்டைக்கு வருவார். வீட்டுக்கார அம்மா அவரைச் சாப்பாட்டு மேசையில் இருத்தி, ஊட்டி ஊட்டியே சமாதானம் ஆக்குவார். அதுதான் கடைசிக் காட்சி.

செட்டில் வைக்கும் பொருட்களுக்குப் பொறுப்பு கெவின். அவர் எந்தச் சாப்பாட்டை வைத்தாலும் மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் தெளித்துவிடுவார். இல்லாவிட்டால் காட்சி எடுக்கமுதலே கமராக்காரர்கள் மேய்ந்துவிடுவார்கள். இது அந்த ஸ்டூடியோவின் நெடுநாள் வழக்கம். ஒத்திகையில் நடிகர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வசனம் பேசுவதைப் பார்த்த வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை.

"மண்ணெண்ணெய் மணக்கிற கோழிக்கு முன்னால ஆர் சிரிப்பினம்? நாளைக்கு உண்மைச் சாப்பாடு வேணும்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சமைக்கத் தெரிந்தது கோழிக்கறி. கெவின் தலையைச் சொறிந்தார்.

"கிரேக்க வீட்டில கோழிக்கறியோ?"

"கறுப்பு வெள்ளை ரீவியில கறிக்கு நாடு இல்லை, கெவின்," என்றார் வெர்னா.

ஊரிலிருந்து அம்மா பார்சலில் அனுப்பிய மிளகாய்த்தூளில் மிச்சமிருந்ததை எல்லாம் கொட்டிச் சமைத்தேன். மறுநாள் பெரிய சட்டியோடு கொண்டுபோய் செட்டில் இருந்த அடுப்பில் வைத்தேன். பார்வையாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் மனேஜர். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கெவின் வந்து மெதுவாகச் சொன்னார்.

"வெர்னா, சட்டியைத் துடைச்சுப் போட்டாங்கள்."

எட்டிப் பார்த்தேன். ஒரு எலும்புகூட மிச்சமில்லை. குற்றவாளிகளைத் தேடவும் வேண்டியிருக்கவில்லை. கமராக்காரர்கள் எல்லோருக்கும் கண் சிவந்து மூக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் தண்ணீர்க் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னனான் தானே, மண்ணெண்ணெய் எண்டு," என்றார் கெவின்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்க அடக்க இன்னும் கூடியது.

"என்ன சிரிப்பு? என்ர சீவியம் போகுது!"

"கோவிக்காதேங்கோ வெர்னா. எங்கட அம்மா ஞாபகம் வந்திட்டுது."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஆள் வந்தால் சாப்பிடச் சொல்லியே ஆகவேண்டும், சட்டியில் ஒன்றும் இல்லாவிட்டாலும். வந்தவரும் "வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனான்" என்று சொல்லியே ஆகவேண்டும், வயிறு காய்ந்தாலும். மூன்று தரம் கேட்டு மூன்று தரம் மறுத்தால் இரண்டு பக்கத்துக்கும் மானம் தப்பும். ஒருநாள் யாரோ ஒருவர் முதல் தரமே "ஓம், தாங்கோ" என்று சொல்லிவிட்டார். அம்மா வெறும் சட்டிக்குள் கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டே நின்றார்.

வெர்னா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அலபாமாவிலயும் இதே கூத்துத்தான்! என்ர அம்மாவும் இதேதான் செய்வா! பத்மா, ரைப்ரைட்டரை எடும்!"

3. இப்பதான் சாப்பிட்டனான்

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். இடையிடையே நான் சொன்னதையும் "அடியும், அதையும் அடியும்" என்றார். எனக்குச் சிரிப்பில் கை ஓடவில்லை. இவ்வளவு நாளும் ரைப்ரைட்டர் நிற்கவேண்டும் என்று தவம் கிடந்தவர், அன்றைக்கு "நிற்பாட்டாதையும், ஆக்கள் காத்திருக்கினம்!" என்று என் முதுகில் குத்தினார்.

நடிகர்கள் அந்தப் பக்கங்களை ஒருதரம் வாசித்துக்கொண்டார்கள். கடைசிக் காட்சி தொடங்கியது. "மூண்டு தரம் வேண்டாம் எண்டுவார், பயமில்லை" என்று கணவரிடம் முணுமுணுத்துவிட்டு, சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரரை வீட்டுக்கார அம்மா மரியாதைக்குச் சாப்பிடச் சொன்னார். அவர் ஒரு நல்ல ஆஸ்திரேலியக்காரர். "ஓம், தாங்கோ" என்று கழுத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கார அம்மா குசினிக்குள் போனார், வெறும் சட்டியைப் பார்த்தார். வெறும் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்தார். பிறகு உப்போடு வந்தார். பிறகு தண்ணீரோடு வந்தார். ஒவ்வொரு தரமும் ஸ்டூடியோ அதிர்ந்தது. சிரிப்பில் ஒரு கமராவே ஆடியது.

மனேஜர் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தார். வெர்னா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரப்பார்த்தது.

முடிந்ததும் மனேஜர் எழுந்து நேரே செட்டுக்குள் வந்தார். சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார். வெர்னா அவருக்குப் பக்கத்தில் போய்க் கேட்டார்.

"சாப்பிடுறீங்களோ?"

"வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனான்," என்றார் மனேஜர்.

"கொஞ்சம் எண்டாலும்?"

"ஐயோ வேண்டாம். வயிறு நிறைஞ்சு போச்சு."

"ஒரு வாய்?"

"அடுத்த கிழமை வாறன். அதுக்குள்ள தொடருக்கு மிச்சக் கதையையும் எழுதி வையுங்கோ."

அதற்குப் பிறகுதான் அவர் முகம் உடைந்தது. அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தோம். வெர்னா கெவினைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நான் சேலையோடு கதிரைமேல் ஏறி நின்று கை தட்டினேன்.

டைட்டில் எழுதும் பகுதிக்குப் போக வெர்னா வெளிக்கிட்டார். வாசலில் நின்று திரும்பினார்.

"பத்மா, எழுத்து எண்டதில உம்மட பேரையும் போடட்டோ?"

நான் நல்ல பிள்ளையாக வளர்ந்தவள்.

"வேண்டாம், பரவாயில்லை," என்றேன்.

"சரி," என்று அவர் போய்விட்டார்.

இரண்டாம் தரம் கேட்பார் என்று காத்து நின்றேன். அவருடைய சப்பாத்துச் சத்தம் தூரத் தூரப் போனது. பிறகுதான் எனக்கு உறைத்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொரிடோர் முழுக்க ஓடினேன்.

"ஓம்! ஓம்! போடுங்கோ!"

வெர்னா மூலையில் சுவரில் சாய்ந்துகொண்டு எனக்காகக் காத்து நின்றார்.

"அமெரிக்காவில என்னட்டையும் ஒருக்காக் கேட்டவங்கள், பத்மா. நானும் மரியாதைக்கு வேண்டாம் எண்டனான். ரெண்டாம் தரம் ஒருத்தனும் கேக்கேல்லை."

அந்தத் தொடரில் இரண்டு பெயர்களும் வந்தன. பிறகு வேறு தொடர்களிலும் என் பெயர் வந்தது. இன்றைக்கு எழுத வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சாப்பாட்டை வேண்டுமானால் மூன்று தரம் மறுங்கள். பெயர் போடட்டோ என்று கேட்டால், முதல் தரமே "ஓம், தாங்கோ" என்று சொல்லிவிடுங்கள்.