மணியம் மாமாவின் அழுகைப் பாட்டு

பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஜெனரேட்டரின் டீசல் புகை மூக்கில் ஏறினால், எனக்குப் பெம்பான் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளும், தோட்டத்து லாரி ஓட்டிய மணியம் மாமா வீடும்தான் ஞாபகத்துக்கு வரும். இப்போது அங்கே செம்பனை மரங்கள் மட்டும் நிற்கின்றன. சாயங்காலம் தோட்டத்து இன்ஜின் ஓடி கரண்டு வந்ததும், மாமா தன் பழைய ராக் இசைத்தட்டுகளில் ஒன்றை எடுத்து, பனியன் துணியால் மெல்லத் துடைத்து, அதற்கொரு கதை சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைப்பார்.

ஒரு சின்னத் தட்டில் ஒரு வெள்ளைக்காரன் இழுத்து இழுத்துப் பாடுவான். "பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டாம்மா, அழுதுகிட்டே பாடுறான்" என்பார் மாமா. அவன் சாப்பிட்டானோ இல்லையோ என்று எனக்குத் தூக்கம் வராது.

தோட்டத்தை மூடியதும் மாமா புக்கிட் ரம்பாய் டவுனுக்குக் குடிபோனார். பார்க்கப் போனோம். டவுன் கரண்டில் அதே தட்டைப் போட்டால், அவன் துள்ளித் துள்ளிப் பாடுகிறான்! தோட்டத்து இன்ஜின் கரண்டுதான் தட்டை மெதுவாகச் சுற்றி, இத்தனை வருஷமும் அவனை அழ வைத்திருக்கிறது.

"எங்கங்க அந்த அழுகை? ஆடுறானே லா!" என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். மாமா முகம் சுண்டிப்போனது. இனி கதையே சொல்லமாட்டாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

பாட்டு முடியும்வரை அவர் தலை குனிந்தே கேட்டார். அப்புறம் தட்டை உறைக்குள் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அவ திரும்பி வந்துட்டாம்மா."