ரோஸ்மேரி அக்கா தேடிய தாமஸ் துரை

ஐசலின் இந்தியக் கடைகளில் வாரக் காய்கறி வாங்கிக்கொண்டு பிளெய்ன்ஸ்பரோ வீட்டுக்குத் திரும்பியபோது ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசியிருந்தார். மிஸ்டர் பழனிசாமி உடனே அழைக்க வேண்டும் என்றார். ஈரோட்டில் இருக்கும் அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். பழனிசாமி என் அப்பா. என் பெயர் செந்தில். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து படிவங்களில் அப்பா பெயரைக் கடைசியில் போட்டு, அதையே என் பெயராக்கிவிட்டார்கள்.

அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் ரோஸ்மேரி அக்கா என்னைத்தான் எழுதிவைத்திருந்தார். காலை நடையின்போது மாரடைப்பு. நான் அழைத்தபோது எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஐம்பத்தெட்டு வயது, சாகிற வயதா அது? மிஸ்டர் பழனிசாமி விஷயம் தெரிந்திருந்தால் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

எங்கள் பழக்கமே அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது. தொண்ணூற்றொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த மருந்து கம்பெனியில் அவர் மூத்த வேதியியலாளர், நான் கம்ப்யூட்டர் பிரிவு. முதல் மீட்டிங்கில் மேனேஜர் "பழனிசாமி!" என்று அழைக்க, நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே சாம்பல் நிறக் கண்களோடு இருந்த ஓர் அம்மாள், சுத்தமான கோயமுத்தூர்த் தமிழில், "ஏனுங் தம்பி, உங்கப்பாவத்தான் கூப்பிடறாங்க. எந்திரிச்சுப் பேசுங்க" என்றார். என் கையில் இருந்த காபி கொட்டிவிட்டது.

அவர் போத்தனூர்க்காரர். தனியாக வாழ்ந்தார். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று என் மனைவி வசந்தி தெரியாத்தனமாகக் கேட்டபோது, "யாரும் அப்ளிகேஷனை சரியா ஃபில் பண்ணலைங்க" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டார். எதிலும் அவருக்குத் தயக்கம் கிடையாது. ஐம்பதை நெருங்கும்போது நூலகத்தில் நீர்வண்ண ஓவிய வகுப்பில் சேர்ந்தார். ஆறே மாதத்தில் வாத்தியாருக்கே யோசனை சொல்ல ஆரம்பித்தார். எங்கள் வீட்டு ஹாலில் அவர் வரைந்த ஒரு மேப்பிள் மரம் இருக்கிறது. முருங்கை மரம் மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்தச் சாம்பல் கண்கள் அவருடைய அப்பாரு கொடுத்தவை. எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை அப்பாரு என்போம். அவர் அயர்லாந்திலிருந்து வந்து போத்தனூரில் ரயில் இன்ஜின் ஓட்டியவர். ஊரில் எல்லோருக்கும் தாமஸ் துரை. ஒரு தமிழ்ப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார். மகளுக்கு ஆறு வயது, மகன் அருளப்பனுக்கு மூன்று வயது இருக்கும்போது, லீவில் ஊருக்குப் போய் வருகிறேன் என்று கப்பல் ஏறினார். திரும்பி வரவில்லை. அருளப்பன்தான் அக்காவின் அப்பா. 'ஓடிப்போனவன் மகன்' என்ற பேச்சை அவர் சாகும்வரை கேட்டார். மகள், அதாவது அக்காவின் அத்தை ஒனோரம்மாள், எண்பது தாண்டியும் போத்தனூரில் தெம்பாக இருந்தார். அக்கா லீவில் போகும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான். "எங்கப்பன் எங்க போனான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு கண்ணு."

அதற்காகத்தான் அக்கா மூன்று முறை அயர்லாந்து போனார். கையில் இருந்தது இரண்டே தகவல்: கிளேர் என்ற மாவட்டம், தாமஸ் என்ற பெயர். "வெள்ளைக்காரங்கள மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டா அது கடைசிப் பேருதானுங்களே? அப்ப தாமஸ் துரைன்னா தாமஸ் குடும்பம். சிம்பிள்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தாமஸ் குடும்பம் இருக்கக்கூடிய ஊர்களைக் கம்ப்யூட்டரில் பட்டியல் வேறு போட்டுக்கொடுத்தேன்.

முதல் இரண்டு பயணங்களிலும் தாமஸ் குடும்பம் அகப்படவில்லை. வாடகைக் காரில் ஊர் ஊராகப் போய், தேவாலயத்தில் விசாரித்து, இல்லை என்றதும் கல்லறைத் தோட்டத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டுப் படம் வரைவாராம். திரும்பி வரும்போது நோட்டு நிறைய கல் சுவர், பாலம், மழை. "அப்பாரு கெடைக்கலைன்னா என்னங், பச்சைல நாப்பது விதம் கத்துக்கிட்டேன்" என்பார். ஆனால் அத்தைக்குப் போன் போடுவதை மட்டும் இரண்டு வாரம் தள்ளிப்போடுவார்.

தொண்ணூற்றொன்பதில் மூன்றாவது பயணம். ஒரு சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்தில், பாசி அழகாகப் படர்ந்திருக்கிறது என்று ஒரு பழைய கல்லை வரைந்துகொண்டிருந்தார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் வந்து யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். தாமஸ் குடும்பத்தை என்றார் அக்கா. கிழவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு, "தாமஸ் குடும்பம்னு இங்க யாரும் இல்லையேம்மா. ஆனா தாமஸ்னு பேரு வெச்சவங்க பாதித் தோட்டம் இருக்காங்களே" என்றாராம்.

"அந்த நிமிசம் எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சுங்" என்றார் அக்கா, எங்கள் சமையலறையில் உட்கார்ந்து. "போத்தனூர்ல எவன் கடைசிப் பேரச் சொல்லிக் கூப்பிடுவான்? நம்மாளுங்க எல்லாரையும் சொந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. பழனிசாமி பழனிசாமின்னு எட்டு வருசமா உங்களக் கிண்டல் பண்ணிட்டு, அதே தப்ப நானே பண்ணிருக்கேன்!"

தாமஸ் என்பது அவருடைய சொந்தப் பெயர். அப்படியானால் குடும்பப் பெயர் என்ன? அதுவரை ஒரு தகவலாகவே எண்ணாத அத்தையின் பெயர் அக்காவுக்கு நினைவு வந்தது. மூத்த மகளுக்கு அப்பாவின் அம்மா பெயரை வைப்பது நம் வழக்கம். அயர்லாந்துக்காரரும் அதைத்தான் செய்தார் என்று அத்தை பெருமையாகச் சொல்வார். தாமஸின் அம்மா பெயர் ஒனோரா. அக்கா தான் இரண்டு மணி நேரமாக வரைந்துகொண்டிருந்த கல்லை, முதல் தடவையாகப் படித்தார். ஒனோரா ஹோகன். அதற்குக் கீழே, அவர் மகன் தாமஸ்.

கிழவரே அவரைத் தாமஸ் ஹோகனின் மகள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். எழுபது வயது அம்மாள், அதே சாம்பல் கண்கள். தாமஸ் அங்கே மறுபடி கல்யாணம் செய்து, மூன்று பெண்களைப் பெற்று, முப்பத்தைந்து வருடங்கள் நன்றாகவே வாழ்ந்திருக்கிறார். இந்தியாவில் ஒரு குடும்பம் இருந்ததாக மூச்சு விடவில்லை. அந்த அம்மாள் அழுதுவிட்டு, டீ போட்டுக் கொடுத்து, பழைய படங்களை எல்லாம் எடுத்துக் காட்டினாராம்.

கேட்டதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "அத்தைகிட்ட இதயெல்லாம் சொல்லாதீங்கக்கா. போற வழியில கப்பல்லயே காய்ச்சல்ல போயிட்டார்னு சொல்லிடுங்க. இந்த வயசுல எதுக்கு?" என்றேன்.

அக்கா என்னை முறைத்தார். "எழுவத்தேழு வருசமா காத்திருக்காங்க. அவங்களுக்குப் பொய்யா?"

அங்கேயே, எங்கள் போனில், காலிங் கார்டு எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை.  வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அத்தையின் குரல் கேட்டது.

"அங்க புள்ளைங்களுக்கு என்ன பேரு வெச்சான்?"

"பிரிஜிட், கேத்தரின், ஆனி, அத்தை."

"ஒனோரான்னு வெக்கலியா?"

"இல்லைங் அத்தை. ஊர்ல எல்லாரும் கேட்டாங்களாம். அவங்கப்பா ஒத்துக்கவே இல்லியாம். ஏன்னு அவங்களுக்கே இன்னிக்கு வரைக்கும் தெரியலயாம்."

"எனக்குத் தெரியும்" என்றார் அத்தை. "அந்தப் பேரத்தான் ஏற்கெனவே குடுத்துட்டானே. மூத்தவ நானுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

அக்கா அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். போனை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு, "வசந்தி, இட்லி இருக்குதுங்களா?" என்றார். அடுத்த வருடம் அத்தை காலமானபோது அக்கா வரைந்த அந்தக் கல்லறைப் படம் அவர் தலைமாட்டில் இருந்ததாம்.

தாமஸ் துரையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அக்கா மன்னித்தாரா என்றும் தெரியாது. ஒருமுறை கேட்டதற்கு, "ஓடிப்போனவர்தான். ஆனா இனிமே காணாமப்போனவர் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

நேற்று அடக்கத்துக்கு ஏற்பாடு செய்பவர், கல்லில் பொறிக்கக் கடைசிப் பெயர் என்ன என்று கேட்டார். படிவத்தில் மிஸ் அருளப்பன் என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, பேப்பரை வாங்கி நானே எழுதினேன்: ரோஸ்மேரி, போத்தனூர் அருளப்பனின் மகள், தாமஸ் ஹோகனின் பேத்தி. மிகவும் நீளமாக இருக்கிறதே என்றார். இருக்கட்டும் என்றேன்.

நாளைக்கு யாராவது உங்களைத் தேடி வந்தால் மூன்று தடவை அலைய வேண்டியதில்லை, அக்கா. போய் வாருங்கள்.