கடல் தொட்டியும் அந்துவான் சாரும்

வைத்திக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலைதான் அந்தச் செய்தியைச் சொன்னாள். கூடையை இறக்காமலே வாசலில் நின்றாள். "தொட்டி வாத்தியாரு பூட்டாரும்மா. காலையில பூசைக்குப் போயிட்டு வந்து நாற்காலில உக்காந்தவருதான், எழுந்துக்கவே இல்ல" என்றாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம் வந்தது. முந்தின நாள் மாலைதான் கல்லூரி வாசலில் நின்று என்னோடு அரைமணி நேரம் பேசினார். சொல்லிக்கொள்ளாமல் எங்கும் போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

எங்கள் கல்லூரியில் வேதியியல் நடத்திய அந்துவான் சாரை உங்களில் பலருக்குத் தெரியும். மழையோ வெயிலோ, லாஸ்பேட்டை மேட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டே வருவார். நான் விலங்கியல்காரி, வாய்த் துடுக்கும் அவசரமும் பிறவிக் குணம். என் மொபெட் அவரைத் தாண்டும்போதெல்லாம் "தூஸ்மான், மேடம், தூஸ்மான்" என்று குரல் கொடுப்பார். மெதுவாக என்பதற்கு அவர் வீட்டில் வழங்கிய பிரெஞ்சு வார்த்தை அது. ஆனால் அவர் வீட்டு முன்னறையில் இருந்த கடல் தொட்டியைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அந்தத் தொட்டி அவருடைய ஒரே மகள் செலினுக்காக வந்தது. ஒருநாள் அப்பாவோடு கடற்கரைக்குப் போனவள், அஞ்சலையின் புருஷன் வலையிலிருந்து பிரித்து வீசப்போன ஒரு கல்லைக் கேட்டு வாங்கினாள். கல்லின்மேல் காசு அகலத்தில் ஒரு பவளம் ஒட்டியிருந்தது. "அப்பா, இது உசுரா, கல்லா?" என்று கேட்டாளாம். "ரெண்டும்தான்" என்று சொல்லி, கண்ணாடித் தொட்டி செய்து கடல்தண்ணீர் நிரப்பி, கல்லை அதில் வைத்தார். அந்த வருஷ மழைக்காலத்திலேயே மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பவளம் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

பவளம் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பை எடுத்துத்தான் உடம்பைக் கட்டும். எடுக்க எடுக்கத் தண்ணீரின் காரத்தன்மை இறங்கிக்கொண்டே போகும். இறங்கினால் அது வாடும், திடீரென்று ஏறினாலும் வாடும். அலைக்கு அப்பாலிருந்து அஞ்சலையின் புருஷன் கேனில் கொண்டுவரும் தெளிந்த கடல்தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மழை மாதங்களில் கட்டுமரம் போகாது, கரையோரத் தண்ணீரும் கலங்கி உப்புக் குறைந்துவிடும். அப்போதுதான் சாருக்குச் சோதனை. தினமும் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் நிறம் சிவக்கும்வரை பார்த்துக் கணக்குப் போடுவார். குறைந்த அளவுக்குச் சுண்ணாம்புத் தெளிநீரை விடியற்காலையில் துளித்துளியாக விடுவார். அதற்கு அந்த வீட்டில் பெயர் "பங்கு".

"ஒரேயடியாக ஒரு குவளை ஊற்றிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாதா சார்?" என்று நான் ஒருமுறை கிண்டல் செய்தேன். "மூணு வேளை சோத்தை ஒரே வேளையில அடைச்சா, ரெண்டு வேளை பசிக்காம இருக்குமா மேடம்? வாந்திதான் வரும்" என்றார். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியை அவரளவுக்கு நம்பியவரை நான் பார்த்ததில்லை.

அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கல்லறைத் திருநாளுக்கு முன் ஊர்க் கிறிஸ்தவர்கள் எல்லாரும் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள். சாரும் அவர் மனைவி தெரேஸ் அக்காவும் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, புழக்கடையில் கிணற்றுக்குப் பக்கத்தில் பானையில் நீற்றுவார்கள். ஒரு பாதியில் நீலம் கலந்து செலின் கல்லறைக்கு எடுத்துப் போவார்கள். நீலம் படாத மறுபாதி தொட்டிக்கு. இதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதே இல்லை.

ஒரு வருஷம் கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு தாள் திருத்த அவர் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. பங்கை ஊற்றும் பொறுப்பு முதல்முறையாக அக்காவிடம் வந்தது. கல்லறையில் மழையில் நனைந்தது ஒத்துக்கொள்ளாமல் அக்கா காய்ச்சலில் விழுந்தார். மூன்று நாள் தொட்டிப் பக்கமே போக முடியவில்லை. நான்காம் நாள் எழுந்தவர், விட்டுப்போன பங்கையெல்லாம் சேர்த்து ஒன்றாக ஊற்றிவிட்டார். ஒருநாள் ஜெபமாலை தவறினால் மறுநாள் இரண்டாகச் சொல்லி ஈடுகட்டுகிற பெண்மணி அவர். சாமிக்குச் செல்லுகிற கணக்கு தொட்டிக்குச் செல்லவில்லை. தண்ணீர் பாலாக வெளுத்துவிட்டது.

பக்கத்து வீட்டார் ஆள் அனுப்பியதும் நான் ஓடினேன். அக்கா தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "எம் பொண்ணு வெச்சிட்டுப் போனது அது ஒண்ணுதான். அதையும் நானே கொன்னுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெள்ளைப் பொடி படிந்து தண்ணீர் கொஞ்சம் தெளிந்தபோது பவளம் தெரிந்தது. அதற்குள் உள்ளங்கை அகலம் வளர்ந்திருந்த அதன் ஒரு பாதி, சதை கழன்று வெள்ளை எலும்பாகக் கிடந்தது. இதைச் சார் எப்படித் தாங்குவார் என்று யோசித்துக்கொண்டேதான் சென்னைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

சார் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். நனைந்த பையைத் தோளிலிருந்து இறக்காமல் தொட்டியைப் பார்த்தார். பிறகு அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஜொரம் வுட்டுதா தெரேஸ்?"

சார் குனிந்து அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போனார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. பின்னாலேயே போய், கொஞ்சம் அமிலம் விட்டால் சரியாகிவிடும், இப்போதே செய்யலாம் என்றேன். "ஒரு தப்பு தண்ணியில கெடக்குது மேடம். அதைத் தொரத்த இன்னொண்ண உள்ள எறக்க வேணாம்" என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை, கரண்டியால் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

சில நாள் ஒன்றுமே செய்யாமல் தண்ணீரை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தார். மறுபடி பங்கு ஊற்ற வேண்டிய காலையில் நானும் அங்கே இருந்தேன். அக்கா அந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. சார் தெளிநீரை அளந்து எடுத்து வந்து, கிண்ணத்தை அக்கா கையில் வைத்தார். "என்னால ஆவாது" என்றார் அக்கா. "உன்னாலதான் ஆவும். இன்னிப் பங்கு மட்டும் போதும், ஊத்து" என்றார் சார். அன்றிலிருந்து கடைசிவரை அந்த வேலை அக்காவுடையதாகவே இருந்தது. உயிரோடு மிஞ்சிய பாதி மெல்ல மெல்ல விளிம்பை நீட்டி, செத்த பாதியின்மேல் படர்ந்தது. அது மூடிமுடிய வருஷங்கள் ஆயின.

சாரைச் செலினுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். எல்லாரும் கலைந்த பிறகு தெரேஸ் அக்காவும் நானும் அந்த முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சும்மா இருந்திருக்கலாம், "அவர் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை அக்கா" என்று ஏதோ ஒப்புக்குச் சொல்லிவைத்தேன்.

அக்கா தொட்டிப் பக்கம் திரும்பினார். பிறகு, "தொட்டி வெளுத்தன்னிக்கு நீ வரதுக்கு முன்ன நான் கெணத்தங்கரை வரைக்கும் போயிட்டேன் தெரியுமா?" என்றார். "அவரை ஒருதரம் பாத்துட்டுப் போவலாம்னுதான் திரும்பி வந்து உக்காந்தேன். அவரு மட்டும் 'ஏன்டி இப்புடிப் பண்ண'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தாருன்னா, நான் இன்னிக்கு இல்ல. அவருக்கு அது தெரிஞ்சிருந்துது. வீட்டுக்குள்ள நுழைஞ்சவரு ஏன் என் காலைப் பாத்தாருன்னு அப்ப எனக்கே புரியல. ஜொரத்துல கெடந்தவ காலுல கெணத்தங்கரைச் சேறு அப்புடியே ஒட்டியிருந்துது."

கல்லூரியில் அவருடைய நினைவாக ஏதாவது வைக்க வேண்டும் என்று நண்பர்கள் பேசிக்கொள்கிறார்கள். வைக்கட்டும், என் பங்கையும் தருகிறேன். மனத்தில் வந்ததை அந்த நொடியே கொட்டிவிடும் இந்த வாய்க்கு, அன்று அந்த மனிதர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி போதும். அதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.