பின்வரிசைத் தண்ணீர்

குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து கணவன் காத்தவராயனோடு தாயம்மா தங்கவயலுக்கு வந்தது 1892ஆம் வருஷம். வந்த மூன்றாம் மாதமே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து மேலே வருகிற காத்தவராயனின் காதுக்குள், தலைமயிருக்குள், நகக்கண்ணுக்குள் எல்லாம் கல்மாவு அப்பியிருக்கும். அவர்கள் குடியிருந்த மாரிகுப்பத்தில் குடிக்கவே தண்ணீர் கஷ்டம். அப்படியே படுத்துத் தூங்குவான். முதுகெல்லாம் புண்.

"கல்லை இடிச்சித் தங்கம் கழுவத் தண்ணி கீது. அத்த வெட்டினு வர்றவன் மூஞ்சி கழுவ இல்லியா?" என்று அவள் பொரிந்தாள். பதில் சொல்லக்கூடிய துரைமார்கள் பங்களாக்களில் இருந்தார்கள்.

ஒரு மைல் தள்ளியிருந்த கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு அண்டாவை அடுப்பேற்றினாள். சுற்றிலும் மூங்கில் தட்டி மறைப்பு. முதலில் கணவனுக்கு. பிறகு அவனோடு வேலை செய்தவர்கள் ஒரு காசு கொடுத்துக் குளித்துப் போனார்கள். ஒரு வருஷத்தில் அறுபது பேர் ஆனார்கள்.

அந்த அறுபது பேரையும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரியும். வெடியில் தோள் வெந்த முனியப்பனுக்கு வெதுவெதுப்பாக வேண்டும். தசரதனுக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் குளித்ததாகக் கணக்கு. சொறி பிடித்தவர்களுக்கு வேப்பிலை போட்ட பானை தனியாக இருக்கும். யாராவது இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அவளே ஆள் விட்டு விசாரிப்பாள், இல்லாவிட்டால் நேரே போவாள். பக்கத்துப் பாலகாடு சுரங்கக் குடியிருப்பில் தனியாக இருந்த, கல்வண்டி தள்ளுகிற மரியகுழந்தை காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தாள். கஞ்சி ஊற்றி, உட்கார வைத்துவிட்டுத்தான் வந்தாள். அதற்குப் பிறகு அவன் வழியில் இருந்த வேறு குளியல் கொட்டகைகளைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஐந்தாம் வருஷம் கோவிந்தன் வந்தான். அவளுடைய சித்தி மகன். மேஸ்திரிகளுக்கு எடுபிடியாக இருந்து நாலு பேரைப் பழக்கம் பிடித்து வைத்திருந்தவன்.

"இன்னாக்கா, இன்னும் தலையிலயே தண்ணி தூக்கினு கீற?" என்று கேட்டான். பீப்பாய் வைத்த மாட்டுவண்டி ஒன்றைக் கொண்டுவந்தான். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய இடம் பிடித்தான். இடத்துக்கான அனுமதிச் சீட்டில் தன் பெயரை எழுதிக்கொண்டான். அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆறு அண்டா, கல் பாவிய தரை, வரிசையாகத் தட்டிகள். வருகிற கூட்டத்தைப் பார்த்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு நாள் கோவிந்தன் சொன்னான்: "தண்ணி கம்மி, ஆளு நெறைய. எல்லாரயும் ஒண்ணா வெச்சினு இருந்தா நாம வளர முடியாது. கணக்கு எழுதற ரைட்டருங்க, மேஸ்திரிங்க வரணும். அவங்க வந்தா பக்கத்து ஊரிகத்துலயும் ஒண்ணு தொறக்கலாம்."

"வரட்டும். யாரு வேணான்னாங்க?"

"மண்ணும் சேறுமா கீறவன் பக்கத்துல அவங்க நிப்பாங்களா?"

முன்வரிசை, பின்வரிசை என்று பிரிந்தது. முன்னால் சோப்பு, மணை, புதுத் தண்ணீர். பின்னால் காத்திருக்க வேண்டும். முன்வரிசைக்காரர்கள் போன பிறகுதான் கிடைக்கும். பத்து மணி நேரம் பூமிக்குள் நின்றவர்கள் ஈரத்துணியோடு குத்தவைத்திருந்ததைத் தாயம்மா பார்த்தாள். மனசு உறுத்தியது. வாயைத் திறக்கவில்லை. முன்பக்கத்து வேலையே தலைக்குமேல் இருந்தது. அவரவருக்கு எந்தச் சூடு என்று கேட்பதும் நின்றுபோனது.

மூன்று மாதம் போயிருக்கும். பின்வரிசை அண்டாவைக் கவனித்துக்கொண்டிருந்த வெங்கடம்மா ஊருக்குப் போனதால், அன்று மத்தியானம் தாயம்மாவே அங்கே போனாள். சொம்பை விட்டு மொண்டாள். தண்ணீரின் மேல் நுரை.

பின்வரிசைக்குச் சோப்பே கிடையாது.

கல்தரையின் சரிவைக் கண்ணால் தொடர்ந்து போனாள். முன்வரிசையில் குளித்த தண்ணீர் ஒரு கால்வாயில் இறங்கி, மணல் கொட்டிய குழியில் விழுந்தது. குழியிலிருந்து மொண்டுதான் பின் அண்டாவை நிரப்பியிருக்கிறார்கள். கோவிந்தனைக் கூப்பிட்டாள்.

"இது இன்னாடா?" என்றாள். அவளுக்குக் கோபம் முற்றினால் குரல் தாழ்ந்துவிடும்.

கோவிந்தன் அசரவில்லை. "மணல்ல வடிகட்டிதான ஊத்தறோம்? காச்சறோம் வேற. சேத்துல பொரள்றவனுக்கு இது போதும்கா."

"எங்க வூட்டுக்காரரும் சேத்துலதாண்டா பொரள்றாரு!"

அவள் அடுப்பிலிருந்த விறகுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். தடிக்கட்டை ஒன்றை அண்டாவுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். அசையவில்லை. காத்திருந்த முனியப்பன் எழுந்து வந்து தோள் கொடுத்தான். அண்டா உருண்டு, நுரையும் மண்ணுமாகத் தண்ணீர் முன்வரிசை வரைக்கும் ஓடியது.

"அவங்க கழுவின அழுக்குல உங்கள குளிப்பாட்டினு இருந்தோம்!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள். "எனுக்கும் இதுல பங்கு கீது. காறித் துப்புங்க!"

யாரும் துப்பவில்லை. தசரதன் மட்டும் சேறு சொட்டச் சொட்ட நடந்து முன்வரிசை மணையில் போய் உட்கார்ந்தான். மேஸ்திரி ஒருவர் அவனைப் பிடித்துத் தள்ள, தட்டிகள் சரிந்தன. கோவிந்தன் அனுமதிச் சீட்டை ஆட்டிக் காட்டினான். இடம் அவன் பெயரில் இருந்தது. தாயம்மா கட்டின புடவையோடு வெளியே வந்தாள்.

வெளியே வந்த பிறகுதான் மரியகுழந்தை அந்தக் கூட்டத்தில் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. அவனைப் பார்த்து எத்தனை நாள்? நினைவில்லை. அப்போதே பாலகாட்டுக்கு நடந்தாள்.

அவன் குப்புறப் படுத்திருந்தான். வண்டி இடித்த தோள்காயம் சீழ் பிடித்து வீங்கியிருந்தது. வேலைக்குப் போய் ஆறு நாள் ஆகிறதாம். அவன் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

குழித் தண்ணீர் சங்கதியைச் சொல்லி, "அந்தத் தண்ணிதானாப்பா?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா. காயத்தோடதான் குளிச்சேன்."

"எனுக்கு இன்னிக்கிதான் தெரியும், மரியகுழந்தை. சத்தியமா."

அவன் முகத்தைத் திருப்பாமலே பேசினான். "தண்ணி சங்கதி தெரியாம இருக்கலாம். நாங்க குந்தினு இருந்தது தெரியுமில்ல? தினம் பாத்துனுதான இருந்தீங்க?"

காயத்தைக் கழுவ வெந்நீர் வைக்கிறேன் என்றாள். வேண்டாம் என்றான். பக்கத்து வீட்டு ஞானசுந்தரி பார்த்துக்கொள்கிறாள் என்றான். அவன் பிழைத்தான், வேறு சுரங்கத்தில் வேலையும் கிடைத்தது. ஆனால் தாயம்மாவிடம் மறுபடி வரவேயில்லை.

அவள் வீட்டுக்குப் பின்னால் பழைய அண்டாவையே ஏற்றினாள். முதல் வாரம் பதினொரு பேர் வந்தார்கள். முனியப்பனுக்கு வெதுவெதுப்பு, தசரதனுக்குக் கொதி. மெல்ல மெல்ல எண்பது பேர் வரை ஆனார்கள். எண்பத்தொன்றாவது ஆளிடம், "தண்ணி அவ்ளோதான் கீது, வேற எடம் பாத்துக்கபா" என்று சொல்லிவிட்டாள். அண்டா ஒன்றோடு சுமக்க ஆளும் கவனிக்க ஆளும் கூடின பிறகுதான் அடுத்தவரைச் சேர்த்தாள்.

கோவிந்தன் கெட்டுப்போனான் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஊரிகத்தில் திறந்தான், பெயர்ப்பலகை மாட்டினான். சில வருஷம் கழித்து ரைட்டர்களின் வீடுகளுக்குக் குழாய் வந்தது. முன்வரிசை காலியானபோதுதான் அவன் மாரிகுப்பத்துக்கு வந்து நின்றான்.

"உங்கிட்ட ஆளு கீறாங்க, எங்கிட்ட எடம் கீது. சேந்துக்கலாம்கா. நடந்தத மறந்துடு."

"நீ செஞ்சத கூட மறப்பேன்டா," என்றாள் தாயம்மா, தாழ்ந்த குரலில். "நான் வாய மூடினு நின்னேன் பாரு, அத எப்டி மறக்கறது? போ. ஷிப்ட் வுடற நேரம்."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விறகைத் தள்ளிக் கொடுத்து, அடுப்பை ஊத ஆரம்பித்தாள்.